பூட்டுக்காரர் கிண்டிய பாஸ்தா

மனைவியை ஊருக்கு அனுப்புவதில்லை என்று பூட்டுக்காரர் பல் துலக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். வேறு எங்காவது போனால்கூடப் பரவாயில்லை. தங்கச்சி வீட்டுக்காம். பத்து நாளாம். அந்தத் தங்கச்சியின் புருஷன், அதாவது இவருடைய சகலை, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டிரில் மெஷினை இரவல் வாங்கிப்போய், முனை ஒடிந்ததைச் சொல்லாமலே திருப்பித் தந்தவன். மற்றவர்கள் மறந்திருக்கலாம். பூட்டுக்காரர் அந்த ஒடிந்த முனையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"நீ போயிட்டா என் சாப்பாடு?"

"சமைச்சுக்கோங்க. என் தங்கச்சி வீட்டுக்காரர் வாரத்துல நாலு நாள் சமைக்கிறார். வீடியோகூட அனுப்பியிருக்கார். தாய்லாந்துச் சமையல் மாதிரி காரசாரமா பாஸ்தா. இருபது நிமிஷ வேலை."

"அவனுக்கு வேற வேலை இல்ல."

"இன்னிக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா சாயங்காலம் கிளம்பறேன். வரலேன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன். சரியா?"

பூட்டுக்காரருக்கு உள்ளுக்குள் குத்தாட்டம். நன்றாகச் சமைக்கத்தான் கைப்பக்குவம் வேண்டும். கெடுப்பதற்குக் கை இருந்தால் போதாதா?

வீடியோவில் நாலு மிளகாய். இவர் நாற்பது எடுத்தார். எல்லாம் சுண்டுவிரல் நகமளவு. பார்க்கப் பரம சாது. பூண்டைக் கரியாகும்வரை வேடிக்கை பார்த்தார். சோயா சாஸைச் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல விட்டார். ஒரு பாக்கெட் பாஸ்தா போதும் என்றான் வீடியோக்காரன். பூட்டுக்காரர் இரண்டாவதையும் பிரித்தார். ஒரு கரண்டி வீணானாலே அவள் வயிறு எரியும். ஒரு சட்டி வீணானால் பயணத்தையே மறந்துவிடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு.

நெடி கிளம்பியது. பூட்டுக்காரர் தும்மினார். மாடி வீட்டில் தும்மினார்கள். தெருவில் சைக்கிளில் போனவர் இறங்கி நின்று தும்மிவிட்டுப் போனார். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மறுபடி துணி மடிக்கப் போனாள்.

தட்டு வைத்தார். அவள் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"எப்படி?" பூட்டுக்காரர் முகத்தை முன்கூட்டியே வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"பிரமாதம்."

"கண்ணுல தண்ணி வருதே?"

"ஆனந்தக் கண்ணீருங்க. உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இந்த ஒரு தட்டுக்குத்தானே காத்திருந்தேன்."

"காரம் கொஞ்சம் தூக்கல் இல்ல?"

"கச்சிதம். இவ்வளவு கெட்டிக்காரரை விட்டுட்டுப் போக எனக்கென்ன கவலை?"

மிச்சத்தை டப்பா டப்பாவாக அடைத்தாள். மூடியில் தேதி எழுதி ஒட்டினாள். ஃப்ரீசரில் அடுக்கினாள். பத்து டப்பா.

"இதெல்லாம் எதுக்கு? நான் கடையில வாங்கிச் சாப்பிட்டுக்கறேன்."

"கடைச் சாப்பாட்டை மனுஷன் தின்பானான்னு முப்பது வருஷமா கேட்டவர் நீங்க. அந்தக் கேள்வியால எனக்கு அடுப்படியிலேர்ந்து ஒரு நாள் லீவு கிடைச்சதில்ல. இப்ப மட்டும் நீங்க மனுஷன் இல்லையா?"

சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் பெட்டியைத் தூக்கினாள். பூட்டுக்காரர் குறுக்கே போய் நின்றார்.

"ஏம்மா, நில்லு! அதை வாயில வைக்க முடியாது. நான் வேணும்னே கெடுத்தேன்!"

"தெரியும்."

"தெரியுமா? எப்போ?"

"ரெண்டாவது பாக்கெட்டைப் பிரிச்சீங்களே, அப்பவே."

"அப்பவே தெரிஞ்சா ஏன் தடுக்கல?"

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒரு பாக்கெட்டுன்னா அஞ்சு நாளைக்குத்தானேங்க வரும்."