பூங்காவை மக்களிடமிருந்து மீட்ட வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தக் குறையைப் போக்கும் விதமாக எங்கள் மாநகரப் பூங்காத் துறை மூன்றாவது கண்டுபிடிப்பை நிகழ்த்தியது. ஒரு பூங்காவைப் பராமரிப்பதில் உள்ள ஒரே இடையூறு அதற்குள் வருகிற ஆட்கள்தான் என்பதே அது. இந்த மகத்தான உண்மை வெளிப்பட்ட அறையில் நானும் இருந்தேன். அது தொடர்பான சுற்றறிக்கைகள் அனைத்தையும் எழுதியவன் நானே என்பதால், வரலாற்றில் எனக்கும் ஒரு மூலை உண்டு.

எங்கள் நகரத்தின் நடுவே நாற்பத்தேழு ஏக்கரில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அதற்குப் புதிய இயக்குநர் வந்தார். இதற்குமுன் மயானப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அங்கே உள்ளே வந்தவர்களில் ஒருவர்கூட அவர்மீது புகார் சொன்னதில்லை. ஆகவே எங்கள் புகார்ப் பதிவேட்டின் பருமனைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. உடனே கூட்டம் கூட்டினார்.

"போன வருஷம் எத்தனை புகார்?"

"நானூத்திப் பதினெட்டு சார்," என்றேன்.

"யார் கொடுத்தது?"

"பொதுமக்கள் சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமே சார்."

"மரம் ஏதாவது புகார் கொடுத்திருக்கா?"

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். "இல்லைங்க சார்."

"புல்லு?"

"புல்லும் இல்லைங்க சார்."

"அப்ப பிரச்சினை எந்தப் பக்கம்னு புரியுதா?"

அறையில் எல்லோரும் ஒரே சீராகத் தலையாட்டினோம். அந்தச் சீரைக் கெடுத்தவர் வாசலில் நின்றிருந்த தலைமைத் தோட்டக்காரி. எப்போதும் தோளில் ரப்பர் குழாயோடு திரிவதால் அவரைக் குழாயம்மா என்போம்.

"சார், தண்ணி மட்டும் ஒழுங்கா விட்டாப் போதும் சார், பாதிப் புகார் நின்னுடும்."

"அம்மா, நாங்க இப்ப கொள்கை பேசிட்டிருக்கோம்," என்றார் இயக்குநர். தண்ணீர் கொள்கையில் சேராது என்று அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை 'புல் ஓய்வுத் திட்டம்' பிறந்தது. "புல்லானது இடைவெளியின்றி மிதிபட்டு வருவதால், அதன் உடல்நிலையையும் மனநிலையையும் கருத்தில்கொண்டு, மறு உத்தரவு வரும்வரை அதற்கு ஓய்வு அளிக்கப்படுகிறது" என்று எழுதினேன். "மனநிலையையும்" என்ற இடத்தில் இயக்குநர் என் தோளைத் தட்டினார்.

அந்தச் சுற்றறிக்கையை என் வீட்டிலேயே ஒருவர் வாசித்தார். என் மாமனார். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். போன வருடம் அவர் நெஞ்சைத் திறந்து, சரிபார்த்து, மூடினார்கள். தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும், அதுவும் புகை இல்லாத இடத்தில், என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுப் பக்கத்தில் புகை இல்லாத இடம் பெரிய பூங்கா ஒன்றுதான்.

"மாப்பிள்ளை, நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துட்டு ஓய்வு வாங்கினேன். இந்தப் புல்லு எத்தனை வருஷம் பார்த்துச்சு?"

"அது துறை முடிவு மாமா."

"பென்ஷன் உண்டா அதுக்கு?"

அடுப்படியில் என் மனைவி சிரிப்பது கேட்டது. துறையின் மானத்தைக் காக்க வேண்டியிருந்தது. "நடைபாதை திறந்துதானே இருக்கு மாமா?" என்றேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும். அதுக்கும் முதுகு வலிக்குதுன்னு யாராவது சொல்லிடாதீங்க."

அருமையான வாக்கியம். மறுநாள் அதை இயக்குநரிடம் என் சொந்தக் கருத்தாகச் சமர்ப்பித்தேன். இரண்டே வாரத்தில் நடைபாதை, தடைபாதை ஆயிற்று.

அதன்பிறகு சீர்திருத்தங்களுக்குக் கால் முளைத்தது. பொதுமக்களுக்குத்தான் கால் வைக்க இடமில்லை. இருக்கைகளில் அமர்வது குறித்து ஐந்து அமர்வுகள் நடந்தன. ஐந்திலும் நாங்கள் அமர்ந்தோம். முடிவில், வேறு யாரும் அமரக் கூடாது என்று தீர்மானித்து, இருக்கைகளுக்குப் பாலித்தீன் உறை போட்டோம். ஊஞ்சல்கள் முன்னும் பின்னும் போய்க்கொண்டு தெளிவான நிலைப்பாடு எதுவும் எடுக்காததால் கழற்றப்பட்டன. கடைசியாகப் பெரிய கதவைப் பூட்டினோம். பூட்டியதைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவர்களிடம், "புகார்ப் பெட்டி பூங்காவுக்குள் இருக்கிறது" என்று பணிவோடு தெரிவித்தோம்.

அந்த மாதம் புகார்கள்: பூஜ்யம். இயக்குநர் அந்தப் பூஜ்யத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

குழாயம்மா மட்டும் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். "புல்லுமேல கால் வைக்கக் கூடாதுங்கறீங்க. கால் வைக்காம நடுவுல எப்படி சார் தண்ணி ஊத்தறது?"

"ஓய்வுல இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதும்மா."

"காயுது சார்."

"ஆழ்ந்த ஓய்வுன்னு எழுதிக்கறேன்."

மூன்றே வாரத்தில் நாற்பத்தேழு ஏக்கரும் வைக்கோல் நிறமாயிற்று. இயக்குநர் அசரவில்லை. தண்ணீர் கேட்காத, வளராத, எந்த மனநிலையும் இல்லாத பச்சை பிளாஸ்டிக் புல்லைச் சுருள் சுருளாக வரவழைத்து விரித்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கிட்டத்தில் யாரும் வரப்போவதில்லை.

இதற்கிடையில் என் மாமனார் வீட்டுக்குள்ளேயே நடந்தார். கூடத்திலிருந்து அடுப்படி வரை பதினோரு எட்டு. தொழில் பழக்கத்தில், திரும்பும் இடத்தில் கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார்.

"அப்பா, கொதிக்கிற பாத்திரத்தோட வர்றேன், ஓவர்டேக் பண்ணாதீங்க!" என்று என் மனைவி கத்துவாள்.

ஒரு நாள் அவள் என்னைத் தனியாகப் பிடித்தாள். "என்னங்க, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. அந்தக் கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

"கோப்பு நகர்ந்துட்டிருக்கு."

"கோப்பு நல்லாத்தான் நகருது. மனுஷன்தான் நகர முடியலை."

அவளுக்கு நிர்வாகம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. திறந்தவெளிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஒரு மன்றம், சிறந்த பூங்காவைத் தேர்ந்தெடுக்க நடுவர் ஒருவரை அனுப்புகிறதாம். தூய்மைக்கு இத்தனை, அமைதிக்கு இத்தனை என்று எல்லாம் எங்களுக்குச் சாதகமாகவே இருந்தது. கடைசி வரியில் இடி விழுந்தது: 'மக்கள் பயன்பாடு: நாற்பது மதிப்பெண்கள்.'

"மக்களா?" என்றார் இயக்குநர். "அவங்களை நாம இப்பத்தானேய்யா கஷ்டப்பட்டு வெளியேத்தினோம்!"

காவலர்களின் தலைவர் தலையைச் சொறிந்தார். விசிலை வாயிலிருந்து எடுத்த நேரம் குறைவு என்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். "சார், அவங்க கேட்டுக்கு வெளியவேதான் நிக்கறாங்க. ஒரு குரல் கொடுத்தா வந்துடுவாங்க."

"வந்துடுவாங்க. திரும்பப் போவாங்களா? அது மட்டுமா, அந்த நடுவர் ஏதாவது கேட்டா வாயைத் திறந்து பதில் வேற சொல்லுவாங்க!"

இங்கேதான் என் வாழ்க்கையின் உச்சம். 'தற்காலிகப் பொதுமக்கள்' என்ற சொல்லை நான் முன்மொழிந்தேன். அலுவலக ஊழியர்கள் எண்பத்தாறு பேருக்கும், "பொதுமக்கள்" என்று அச்சிட்டு வரிசை எண் போட்ட அட்டைகள் கழுத்தில் மாட்டப்பட்டன. நான் பொதுமக்கள் எண் நான்கு.

மூன்று நாள் ஒத்திகை. தட்டச்சர் அம்மாவும் பண்டகக் காப்பாளரும் காதலர்களாக நியமிக்கப்பட்டார்கள். மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்ற தகராறில் ஆறு வருடமாகப் பேசாதவர்கள். ஆகவே 'ஊடலில் இருக்கும் காதலர்கள்' என்று திருத்தம் வெளியிட்டோம். கழற்றிய ஊஞ்சல்களில் ஒன்றைத் திரும்ப மாட்டி, கணக்குப் பிரிவு மேலாளருக்கு ஊஞ்சலாடும் குழந்தை வேடம் கொடுத்தோம்.

"காலை பத்தேகால்லேருந்து பத்து நாற்பது வரைக்கும் நீங்க சிரிக்கணும்," என்றேன்.

"எழுத்துபூர்வமா உத்தரவு கொடுங்க, சிரிக்கறேன்."

கொடுத்தோம். நகல் கோப்பில் இருக்கிறது.

ஆய்வு நாள் வந்தது. நடுவர் உயரமான அம்மையார், கையில் குறிப்பேடு. கதவு விரியத் திறந்தது. எண்பத்தாறு பொதுமக்களும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், இடப்பக்கமாக நடந்தோம். பத்தேகால் ஆனதும் ஊஞ்சலில் கணக்கு மேலாளர் "ஹ ஹ ஹ" என்று மூன்று முறை சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஊடலில் இருந்த காதலர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி அபாரமாக நடித்தார்கள். நடித்தார்களா என்று தெரியவில்லை.

"இவ்வளவு ஒழுங்கான மக்களை நான் எங்கயுமே பார்த்ததில்லை," என்றார் நடுவர்.

"எல்லாம் பயிற்சிதான் மேடம்," என்று உண்மையைச் சொன்னார் இயக்குநர்.

அந்த வேளையில்தான் கால அட்டவணையில் இல்லாத ஒரு சிரிப்புக் கேட்டது. திரும்பினேன். என் மாமனார்! கதவு திறந்திருப்பதைப் பார்த்து, நடைக் காலணியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டிருக்கிறார். எதிர்த்திசையில், கை வீசி, முகமெல்லாம் பல்லாக நடந்தார். ஒரு சுற்று முடிந்ததும் காலணியைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார்.

"அட, இது புல்லு இல்லைய்யா, பாயி!"

நடுவரின் பேனா நின்றது. நேரே அவரிடம் போனார். "ஐயா, பூங்கா எப்படி இருக்கு?"

"ரொம்ப அருமையா இருக்கும்மா," என்றார் மாமனார். "திறந்திருக்கிற அன்னிக்கு."

இயக்குநரின் கண்ணசைவுக்கு விசில் பறந்து வந்தார். "பெரியவரே, உங்க அட்டை எங்கே?"

"என்ன அட்டை?"

"பொதுமக்கள் அட்டை."

"நானே பொதுமக்கள்தான்ப்பா."

"அட்டை இல்லாம அதை எப்படி நம்பறது?"

மாமனார் சுற்றிலும் பார்த்து என்னைக் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. "அதோ நிக்கறாரே, அவரைக் கேளுங்க. அவருக்கு என்னைத் தெரியும்."

விசில் என்னைப் பார்த்தார். நடுவர் பார்த்தார். இயக்குநரும் பார்த்தார், பதவி உயர்வுப் பட்டியல் அந்த வாரம்தான் அவர் மேசைக்கு வந்திருந்தது.

"பார்த்த மாதிரி இல்லைங்களே," என்றேன்.

மாமனார் குனிந்து காலணியை மாட்டினார். கயிற்றைக் கட்ட அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது என்னைக் காப்பாற்றியவரும் அவர்தான்.

"விடுங்கப்பா. இத்தனை பேர் நடமாடற இடம். யாருக்கு யார் முகம் ஞாபகம் இருக்கும்?"

கதவு வரை விசில் அவரோடு போனார். நகரத்தின் மிகப் பெரிய பூங்காவில், மக்கள் பயன்பாட்டை அளந்துகொண்டிருந்த அந்த நாளில், உள்ளே இருந்த ஒரே பொதுமக்கள் இவ்வாறு வெற்றிகரமாக அப்புறப்படுத்தப்பட்டார்.

மாலையில் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். நான்கு பத்தி, இரண்டு இணைப்பு. தேவைப்படவில்லை. மாமனார் மகளிடம், "இன்னிக்குப் பூங்கா திறந்திருந்துச்சும்மா, ஒரு சுத்து நடந்தேன்," என்று மட்டும் சொல்லியிருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். நிர்வாகப் பளு காரணமாக இருக்கலாம்.

முதல் பரிசு எங்களுக்கே. 'ஒருவர்கூடப் புல்லை மிதிக்காத, ஒருவர்கூடக் குரல் உயர்த்தாத அபூர்வ நகரம்' என்று நடுவர் எழுதியிருந்தார். மாமனாரைப் பற்றி அடிக்குறிப்பில் 'ஒரு சிறு இடையூறு, விரைந்து களையப்பட்டது' என்று இருந்தது. இயக்குநருக்கு நகரின் திறந்தவெளிகள் அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன. எனக்குத் தனி அறை கிடைத்தது. குழாயம்மாவுக்கும் முன்னேற்றம்தான்.

"இருபத்திரண்டு வருஷமா புல்லுக்குத் தண்ணி ஊத்தினேன் சார். இப்ப துடைப்பத்தால தூசி தட்டறேன்," என்றார்.

"வேலை சுலபமாயிடுச்சு இல்லையா?"

"ஆமா சார். பூச்சிகூட வர்றதில்லை."

புது அறைக்கு வந்த முதல் கோப்பு நான்கு சாலைகள் கூடும் ரவுண்டானா பற்றியது. அதன் நடுவே வட்டமாக ஒரு மண் திட்டு. யாரும் விதைக்காமல், யாரும் பராமரிக்காமல் அதில் நிஜப் புல் முளைத்திருந்தது. மறுபடி பூட்டப்பட்ட பூங்கா வாசலில் நின்று அலுத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கே போய் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். சுற்றிலும் பேருந்துகளும் லாரிகளும் புகை விட, நடுவில் இவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இயக்குநர் காரிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, கோப்பில் சிவப்பு மையால் எழுதினார்: 'திறந்தவெளியில் மக்கள் நடமாட்டம். வேலி அமைக்க உடனே அளவெடுக்கவும்.'

காலை ஏழு மணிக்கு அளவு நாடாவோடு போனேன். ஒருவனாக நின்று வட்டத்தின் குறுக்களவை எடுக்க முடியாது என்பது போன பிறகுதான் உறைத்தது. ஒரு முனையைக் கல்லில் செருகினேன், நழுவியது. காலால் மிதித்தேன், காற்றில் மடங்கியது. புகைக்குள்ளிருந்து ஒருவர் இருமிக்கொண்டே நடந்து வந்தார். திரும்பும் இடத்தில் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். என்னையும் நாடாவையும் பார்த்தார். கீழே கிடந்த முனையை எடுத்துக்கொண்டு, திட்டின் மறு விளிம்புக்குப் போய் உட்கார்ந்து, மண்ணோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

"நல்லா இழுத்துப் பிடிங்க மாப்பிள்ளை," என்றார் என் மாமனார், மூச்சு வாங்க. "ஒரு அடி விட்டுப்போனாலும் அதுல யாராவது நடந்துடப் போறாங்க."