மூன்று தட்டுக் கேக்கும் காஸ் சாத்திரியாரும்

உலகத்திலேயே வாகனத்துக்குச் சாதகக் குறிப்புப் பார்க்கிற ஒரே மனிதர் எங்கள் காஸ் சாத்திரியார்தான். பருத்தித்துறையில் வாகன ஏ.சி. திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. வண்டியைக் கொண்டுபோய் விட்டால் மற்ற மெக்கானிக்குகள் பொனெற்றைத் திறப்பார்கள். இவர் கொப்பியைத் திறப்பார். எத்தனையாம் ஆண்டு வண்டி, இதற்கு முன் யார் கையில் இருந்தது, கடைசியாக யார் காஸ் அடித்தது, உள்ளே என்ன எண்ணெய் என்று கேள்வி மேல் கேள்வி. ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் கொப்பி மூடப்பட்டுவிடும்.

சொந்த மச்சானின் காரையே அப்படித் திருப்பி அனுப்பியவர். மச்சான் ஆறு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "மச்சான் கோவிச்சால் ஒரு கலியாண வீட்டிலை சமாதானமாகலாம். கொம்பிரசர் இறுகினால் ஆகேலாது" என்றார் சாத்திரியார்.

போன வருடம் சித்திரையில் நானும் அவரிடம் மாட்டிக்கொண்டேன். என் மனைவி வீட்டில் கேக் செய்து விற்கிறவர். அதற்கு முந்திய மாதம் ஒரு பிறந்தநாள் கேக் வழியிலேயே இளகி, றோசாப்பூக்கள் எல்லாம் பெட்டியின் அடியில் போய்ச் சேர்ந்தன. ஊர் வாய் சும்மா இருக்குமா? இந்த நிலையில் கொழும்புத்துறையில் பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்திய வீட்டுக்கு மூன்று தட்டுக் கேக் கேட்டார்கள். "இஞ்சாருங்கோ, இதுவும் உருகினால் நான் இனி ஒருத்தருக்கும் கேக் அடிக்கமாட்டன்" என்று மனைவி சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

எங்களிடம் இருந்தது எண்பத்தெட்டாம் ஆண்டு வான். ஏ.சி.யைப் போட்டால் இரைச்சல் மட்டும் வரும்.

"இதுக்கு முதல் ஆர் காஸ் அடிச்சது?" என்றார் சாத்திரியார்.

"தெரியாது அண்ணை."

"தெரியாமல் அடிக்கிறது குறிப்புப் பாராமல் தாலி கட்டுற மாதிரி."

"அப்பிடிக் கட்டினவையும் வாழுகினம்தானே?"

"அவை வாழுவினம். கொம்பிரசர் வாழாது."

பிறகு விளக்கினார். இந்த வயது வண்டிகள் பன்னிரண்டாம் நம்பர் காஸுக்கென்றே செய்யப்பட்டவை. அது வானத்து ஓசோனைத் தின்கிறது என்று உலகமே அதைக் கைவிட்டுவிட்டது. இப்போது உள்ளது நூற்றுமுப்பத்துநாலாம் நம்பர். அதற்கும் பழைய எண்ணெய்க்கும் ஒத்துவராது. ஆகவே எண்ணெய் முழுவதையும் கழுவி எடுத்து, றபர் வளையங்களை மாற்றி, ஈரம் உறிஞ்சுகிற போத்தலையும் மாற்றவேண்டும். மூன்று நாள் வேலை, அதுவும் கடைசியாக அடித்தது எது என்று தெரிந்த பிறகுதான் என்று கொப்பியை மூடிவிட்டார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மயிலிட்டியில் மீன் வைக்கிற குளிர் அறைகளைப் பராமரிக்கிற என் சிநேகிதன் ஒருவன் இருந்தான். "காஸ் எண்டால் எல்லாம் காஸ்தானே மச்சான்" என்று அரை மணித்தியாலத்தில் அடித்துவிட்டான். அப்படியொரு குளிர்! பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினேன். இரண்டாவது சரணத்தில் 'டமார்' என்று முன்பக்கம் வெடித்து வெண்புகை கிளம்பியது. பஸ்ஸுக்கு நின்ற சனம் சிதறி ஓடியது. ஒருவர் மட்டும் துணிந்து ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், வானில் அல்ல, என் தலையில்.

நனைந்த சட்டையோடு சாத்திரியாரிடம் போனேன். வெடித்த குழாயைத் தடவிப் பார்த்தார்.

"உந்தக் காஸை ஆர் அடிச்சது?"

சொன்னேன்.

"மீனுக்குப் போடுற இருபத்திரண்டாம் நம்பரை உவன் வானுக்குப் போட்டவனோ? அதின்ரை அமுக்கத்தை இந்தக் கிழட்டுக் குழாய் எப்பிடித் தாங்கும்?" என்று தலையிலடித்துக்கொண்டார். ஆனால் இம்முறை கொப்பியை மூடவில்லை. கடைசியாக யார், என்ன அடித்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டதே!

அடுத்த நாள் என் மனைவியை வரச்சொன்னார். கேக்குக்கும் குறிப்பு வேண்டுமாம்.

"பிள்ளை, ஐசிங்குக்குப் பட்டரோ, மாஜரினோ?"

"பட்டர் அண்ணை."

"எத்தினை பாகையிலை இளகும்?"

மனைவிக்குத் தெரியவில்லை. சாத்திரியார் ஒரு தட்டில் ஐசிங்கை வாங்கி, பக்கத்தில் வெப்பமானியை நட்டுவைத்து, பின்னேரம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காஸ் அடிக்க வந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று அந்தத் தட்டைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் வானில் கைவைத்தார். புதுக் காஸைத் தராசில் நிறுத்து, பழைய அளவில் பத்தில் எட்டுப் பங்குதான் விட்டார். கொஞ்சம் கூட விடச்சொன்னேன். "கூட விட்டால் குளிர் குறையும்" என்று சீறினார்.

சனிக்கிழமை காலை, கொளுத்துகிற வெயிலில், கை நீளச் சட்டையும் கழுத்தில் சுற்றிய துவாயுமாக வந்து பின் சீற்றில் கேக்குக்குப் பக்கத்தில் ஏறிவிட்டார். வெப்பமானி கையில். வல்லை வெளியில் வெக்கை கூடியது. "குறைக்காதையும், கூட்டும்!" என்றார். நீர்வேலியில் இருமினார். கொஞ்சம் குறைக்கட்டா என்று கேட்டேன். "கேக்கைக் கேட்டுக் குறையும்" என்றார்.

கொழும்புத்துறையில் பெட்டியைத் திறந்தபோது ஒரு இதழ்கூட அசையவில்லை. மனைவி அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். சாத்திரியார் வெப்பமானியை என்னிடம் தந்து, "திரும்பிப் போகேக்கை ஏ.சி. காத்து வாற வாயிலை பிடிச்சு எத்தினை காட்டுதெண்டு பாரும்" என்றார்.

"நீங்கள் வரேல்லையோ?"

"நான் பஸ்ஸிலை வாறன்."

குளுகுளு வானை விட்டுவிட்டு அவிகிற பஸ்ஸில் போகிறாரே, உண்மையாகவே விசர்தான் என்று வழி முழுவதும் சிரித்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் கேக்கோடு போனால் கராஜ் பூட்டு. வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கதவடியில் நின்றார்.

"இவருக்குத் தொய்வு எல்லோ தம்பி, குளிர்க்காத்துப் பட்டால் மூச்சு இழுக்கும். சொன்னாலும் கேக்கமாட்டன் எண்டு உங்களோடை வந்தவர். ராத்திரி ஆசுப்பத்திரியிலை மூச்சுக்கு மருந்துப் புகை பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள்."

உள்ளேயிருந்து இழுப்போடு குரல் வந்தது.

"ஆர், வான்காரரோ? திரும்பி வரேக்கை எத்தினை காட்டினது?"

சிரித்த சிரிப்பில் வெப்பமானியை நாங்கள் பார்க்கவேயில்லை.

"ஆறு பாகை அண்ணை. வீடு வரைக்கும் ஆறுதான்."

"ம்... அப்ப சரி" என்று அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். அந்த மனிசன் கேட்டிருந்தால் பனியே கொட்டியது என்றும் சொல்லியிருப்பேன்.