ஹெட்போனைப் பிரித்தவர்

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து மனைவி வீட்டிலிருந்தே போனில் பேசுகிற வேலையில் சேரப் போகிறாள் என்றது வாட்ச் ரிப்பேர் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. அவள் சம்பாதிப்பதில் வருத்தமில்லை. கடையை மூடிவிட்டு வந்து, அன்றைய வாடிக்கையாளர்களைத் திட்டித் தீர்க்க வீட்டில் ஒரு காது வேண்டுமே! அந்தக் காதில் இனி ஹெட்போன் அல்லவா உட்கார்ந்திருக்கும்?

ஆகவே, ஆன்லைன் நேர்காணல் நாளன்று அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, லேப்டாப்பின் புளூடூத்திலிருந்து ஹெட்போனைப் பிரித்துவிட்டார். ஒரே தட்டு. ஜோடி பிரிந்தது.

குளித்து, நல்ல புடவை கட்டி வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஹெட்போன் சேர மாட்டேங்குது."

"அடடா! தள்ளு, நான் பார்க்கிறேன்."

"ஹெட்போன் கட்டாயம்னு சொல்லியிருக்காங்க." ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "எனக்குக் கொடுத்து வைக்கலை போல. விடுங்க."

எழுந்து மாடி வீட்டுத் தையல்காரியிடம் போய்விட்டாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தார். அந்த 'விடுங்க' அவரை விடவில்லை. இருபது வருஷத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அதிலும் மண்ணைப் போட்டாயிற்று.

சரி, சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார். பிரித்தது ஒரு தட்டில், சேர்ப்பது அப்படியா? ஹெட்போன் நீலமாய்க் கண்ணடித்தது. அவருடைய போனோடு சேர்ந்தது. பக்கத்து வீட்டு டிவியோடு சேரப் பார்த்தது. கட்டின லேப்டாப்பை மட்டும் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹெட்போனை அணைத்துப் போட்டார். போட்டு அணைத்தார். கண்டதையும் அழுத்தியதில் புளூடூத் என்ற வார்த்தையே திரையிலிருந்து காணாமல் போனது. முள்முனை அளவு வாட்ச் சக்கரங்களைக்கூட இடுக்கியில் பிடித்துப் பொருத்துகிற கைக்கு இது பிடிபடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் இறங்கி வந்தாள். மனிதர் உடைந்துபோனார்.

"நான்தான்மா பிரிச்சேன். மன்னிச்சிடு."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"ஒரு தடவை சொன்னதுமே உதவிக்கு வந்தீங்களே, அப்பவே."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா பின்னாடியே மாடிக்கு வந்து நிப்பீங்க. நேர்காணல் முடியறவரைக்கும் உங்களை ஒரு இடத்துல உக்காரவைக்கணும்ல?"

தையல்காரியின் லேப்டாப்பில், தையல்காரியின் ஹெட்போனில் எல்லாம் முடிந்திருந்தது. பேசிக்கொண்டே லேப்டாப்பை ஒரு முறை அணைத்துத் திறந்தாள். புளூடூத் திரும்பி வந்தது. அவருடைய போனிலிருந்து ஹெட்போனை விலக்கி, அதன் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். பட்டென்று சேர்ந்துகொண்டது.

"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

"வேலையே இதுதானே! கனெக்‌ஷன் கிடைக்கலைன்னு போன் பண்றவங்களுக்குப் பொறுமையா வழி சொல்லணும்."

"வேலை கிடைச்சிடுச்சா?" என்றார். நிஜமாகவே கிடைத்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"கிடைச்சாச்சு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. எந்தப் பட்டனை அழுத்தினாலும் வழிக்கு வராத ஒண்ணை ரொம்ப நாள் சமாளிச்ச அனுபவம் உண்டான்னு."

"நீ என்ன சொன்னே?"

"உங்களைச் சொன்னேன்."