அண்ணாச்சி அழித்த புள்ளி

சிவகாசியில் அச்சாகும் சாமிகளில் பாதிப் பேருக்கு முகம் துலக்கிவிட்டவர் எங்கள் புள்ளி அண்ணாச்சிதான். நான் புரூஃப் பார்த்த ஆஃப்செட் கம்பெனியில் அவர் மெஷின்மேன். தாளில் வேண்டாத புள்ளி ஒன்று விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மெஷினை நிறுத்தி, அச்சுப் பிளேட்டில் இருக்கிற புள்ளியை, அதற்கென்றே உள்ள அழிக்கிற பேனாவால் அழித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

எந்தப் புள்ளியானாலும் சரி. ஆமத்தூர்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் கன்னத்து மச்சத்தையே அழித்துவிட்டார். பெண் வீட்டார் "இது யாரு?" என்று சண்டைக்கு வந்தார்கள். "இப்பதான் லட்சணமா இருக்காரு, நல்லாப் பாருங்க" என்று அவர்களையே சமாதானப்படுத்தி அனுப்பினார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் சென்னையிலிருந்து ஓர் ஓவிய ஏலத்தின் கேட்லாக் அச்சுக்கு வந்து சேர்ந்தது. எல்லாம் நவீன ஓவியங்கள். "நாம வேஸ்ட்டுன்னு எடைக்குப் போடுற தாளையெல்லாம் இவுக ஏலம் விடுறாகளே!" என்று அண்ணாச்சி வாயைப் பிளந்தார்.

முந்நூறு பிரதிகளும் பைண்டிங் முடிந்து வந்தன. ஒன்றைப் புரட்டினேன். நடுப்பக்கத்தைப் பார்த்ததும் புத்தகத்தோடு அண்ணாச்சியிடம் ஓடினேன். பக்கம் முழுக்க வெள்ளை. அடியில் ஆங்கிலத்தில் படத்தின் பெயர்: 'ஒரு சிவப்புப் புள்ளி'.

"அண்ணாச்சி, இங்கன இருந்த புள்ளி எங்க?"

"அழிச்சிட்டேன்லே. புரூஃப்லயே கெடந்துச்சு. நீ என்னத்தப் புரூஃப் பாக்க?"

"அதுதான் படமே!"

அவர் முகம் அந்தப் பக்கத்தைவிட வெளுத்துப்போனது.

திரும்ப அச்சடிக்க நேரமில்லை. மறுநாள் காலை புத்தகம் சென்னையில் இருக்க வேண்டும். முதலாளி குதித்த குதியில் ஆபீஸே அதிர்ந்தது. "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். அந்த மெஷின் வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டியவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "மொதலாளி, முந்நூறுலயும் புள்ளியக் கையாலயே வச்சுத் தாரேன்." முதலாளி, "சரி, வைங்க. ஏலம் முடியட்டும், மத்தத அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார்.

சிவப்பு மையில் கட்டைவிரலைத் தோய்த்தார். வாழ்நாள் முழுக்கப் புள்ளியைத் துரத்தியவர், ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணத் தொறந்து வைங்க!" என்று நான் கத்த வேண்டியிருந்தது. மை காய்கிறவரை முந்நூறு புத்தகமும் ஃபேனுக்கு அடியில் விரிந்து கிடந்தன.

ஏலம் முடிந்த அன்று முதலாளி போனும் கையுமாக மெஷின் ரூமுக்கு வந்தார்.

"அந்தப் படம் போன வெலைக்கு நம்ம கம்பெனிய மெஷினோட வாங்கலாம். மிச்சத்துல தாயில்பட்டியில ஒரு பட்டாசு ஆலையும் வாங்கலாம்!"

அண்ணாச்சி பேப்பர் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அம்புட்டையுமா மொதலாளி நான் ஒரு பேனாவால அழிச்சேன்?"

"வாங்குன ஆளு நம்ம புத்தகத்தத் தடவிப் பாத்துட்டு, புள்ளி என்னமா நிக்குதுன்னு மெச்சினாராம். அடுத்த ஆர்டரும் நமக்குத்தான். எந்திரிச்சு மெஷினப் போடுங்க."

ஒரு பிரதியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த ஓவியம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் புள்ளிக்குள் அண்ணாச்சியின் கட்டைவிரல் ரேகை தெரியும். தூசி தட்டுகிறேன் என்று யாராவது அந்தப் பக்கத்தில் துணியை வைத்தால், எனக்குக் கெட்ட கோபம் வருகிறது.