தண்ணீருக்குப் போட்ட சிவப்புக் கோடு

மழை பார்த்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வானம் இருண்டதும் நீங்களும் நானும் கொடியில் காயும் துணியை அள்ள ஓடுவோம். இவர்கள் மட்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். "நான் பார்க்காத மழையா!"

தெருக்கோடி வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இளைஞராக இருந்தபோது ஒரு பெருவெள்ளம் வந்தது. வடிந்த கையோடு, தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார். வெள்ளையடிப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. விருந்தாளிகள் உட்காரும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். மின்பெட்டி முதல் செருப்பு அலமாரி வரை எல்லாம் அதற்கு ஒரு சாண் மேலே. மனைவியின் தையல் மெஷின்களுக்கும் கீழறையில் அதே உயரத்தில் மேடை. அதைத் தாண்டி வரத் தண்ணீருக்கு அனுமதி ஏது?

இந்த முறை வானிலை எச்சரிக்கை வந்தபோது, பள்ளி திறப்புக்குத் தைத்த சீருடைகள் அந்த மேடையில் குவிந்து கிடந்தன.

"ஏங்க, எல்லாத்தையும் மாடிக்கு ஏத்திடலாமே," என்றாள் மனைவி.

"கோடு இருக்குல்ல?"

மகள் விடவில்லை. "கடல் சூடாயிடுச்சுப்பா. காத்தும் சூடாகி, முன்னைவிட அதிகமா ஈரத்தைச் சுமக்குது. ஒரு மாச மழை ஒரே நாள்ல கொட்டும். உங்க கோடு அந்தக் காலத்து வானத்துக்குப் போட்டது."

"காத்து தண்ணி சுமக்குதா? அப்ப தண்ணி லாரி எதுக்கும்மா?" கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

கொட்டியது. தண்ணீர் படியேறி, அறைக்குள் நுழைந்து, கோட்டைத் தொட்டது. "பாத்தியா, இதோட நின்னுடும்," என்றார். தண்ணீர் அவரை மதிக்கவில்லை. கோடு முழுகியது, சாண் முழுகியது, மேடையும் முழுகியது. மனைவி இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிதந்த சட்டைகளை எட்டி எட்டிப் பிடித்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. பாவம், திட்டியிருந்தால் அவருக்கே நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளம் வடிந்து, அவள் சேறு படிந்த மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நம்மவர் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார். பழைய கோட்டுக்கு மேலே புதுக் கோடு இழுத்து, இரண்டடி பின்னால் போய் அழகு பார்த்தார்.

"இனிமே இதுக்கு மேல வராது. மேடையை இதுக்கு ஒரு சாண் மேல ஒசத்திட்டா போதும்."

அவள் மெஷினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். "அந்த மேடையில நீங்களே உக்காந்து தைங்க."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் சுவரில் கோடு இல்லைதான். ஆனால், "நம்ம தெருவுக்கெல்லாம் தண்ணி வராதுங்க" என்று போன வாரம் அடித்துச் சொன்னது யார்?