ஏழு நாள் சாப்பாட்டுக்கு ஒரு டிக்

சுற்றுலாப் படிவத்தின் கடைசி வரியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'ஏழு நாள் உணவுத் திட்டம்: வேண்டும்' என்று ஒன்று, 'வேண்டாம்' என்று இன்னொன்று. ரிஜெக்ட் சார் முதல் கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர்க் குழாய் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். புதுக் குழாயில் அரைச் சொட்டு ஒழுகினாலும் "ரிஜெக்ட்!" என்று கத்தித் தொட்டியில் வீசிவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான். அதே வாய் வீட்டு வாசலைத் தாண்டியதும் பூட்டிக்கொள்ளும்.

"என்னங்க, இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? வேண்டாம்னு போடுங்க," என்றாள் மனைவி. "வெளிச் சாப்பாடு உங்களுக்கு எங்க இறங்கப் போகுது? என் கையால சாப்பிட்டாதான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்களே."

"ஆமாமா," என்றார்.

உண்மை என்னவென்றால், அவள் சமையலை வாயில் வைக்க முடியாது. பருப்பில் கடல் இருக்கும். சோறு ஒரு நாள் கூழ், மறுநாள் கூழாங்கல். காய் அடியில் கரி, மேலே பச்சை. இருபத்தாறு வருடமாக அவர் அதைத் தட்டு பளபளக்கச் சாப்பிட்டு வருகிறார்.

காரணம் இருந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் வேலை பார்த்த பழைய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பதினான்கு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள்தான் தையல் கம்பெனிக்குப் போனாள், வாடகை கட்டினாள், அவரைப் பரிசோதகர் படிப்புக்கும் அனுப்பினாள், திரும்பி வந்து அடுப்பையும் பற்ற வைத்தாள். "நீங்க என்னத்தைக் கிழிச்சீங்க" என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நன்றியில் அவருக்கு நெஞ்சு விம்மியது. இவள் தட்டில் கல்லை வைத்தாலும் குறை சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தவர்தான்.

முதல் வாயை அவர் எடுக்கும்போது அவள் எதிரே நின்று முகத்தையே பார்ப்பாள்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்!"

அவள் தோள்கள் தொங்கிப்போகும். பாராட்டைக் கேட்டால் கூச்சப்படுகிற பிறவி என்று நினைத்துக்கொள்வார். அதனால் இன்னும் பலமாகப் பாராட்டினார். பாராட்டப் பாராட்ட உப்பும் ஏறிக்கொண்டே போனது. அவரைச் சாப்பிட வைத்து எழுப்பிய பிறகுதான் அவளும் மகளும் உட்காருவார்கள். அதை நினைத்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் விம்மும். தன்னைத் தானே தியாகி என்று நம்பிவிட்ட ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் ஏழு நாள்! மலை, ஏரி, பஸ், மூன்று வேளையும் யாரோ சமைத்த சுடுசோறு. ஒரே ஒரு டிக். அவள் மனம் நோகாமல் அதைப் போட்டாக வேண்டும்.

"உனக்கு ரெஸ்ட் வேணும்மா," என்று ஆரம்பித்தார். "போற இடத்துலயும் நீ ஏன் அடுப்புல வேகணும்?"

"அடேயப்பா. ரெஸ்ட் குடுக்கறதுக்கு மலை ஏறித்தான் ஆகணுமா? இங்கயே குடுத்தா ஆகாதா?"

நல்ல ஜோக் என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இல்லம்மா, தங்கற இடத்துல அடுப்பே பத்த வைக்கக் கூடாதாம். ஃபயர் ரூல்."

மனைவி போனை எடுத்துச் சுற்றுலா அலுவலகத்துக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரூம்லயே அடுப்பு இருக்கு மேடம்," என்றது பதிவு செய்யும் பெண்ணின் உற்சாகக் குரல். "பெரிய பாத்திரமும் தர்றோம். எத்தனை பேருக்கு வேணும்னாலும் சமைச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, பிளான் இப்பவே முன்பணம் கட்டி எடுத்தாதான். வெள்ளிக்கிழமை நாலு மணியோட க்ளோஸ். நடுவழியில கேட்டாக் கிடைக்காது."

"கேட்டீங்கல்ல?" மனைவி போனை வைத்தாள். "உங்களுக்கு எது வேணுமோ அதை வாயைத் திறந்து சொல்லுங்க. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

வாயைத் திறந்தார். "உன் சமையல்தான் வேணும்," என்று வந்தது. டிக் இரண்டாவது கட்டத்தில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஸ்டோர் கீப்பரைப் பிடித்தார். ரிஜெக்ட் சார் குடும்பம் போக, சுற்றுலாவுக்குக் கிளம்பும் இருபது பேர் கொண்ட தொழிற்சாலைக் குழுவில் அவரும் ஒருவர். ரிஜெக்ட் சாருக்கு நெருக்கம்.

"அண்ணே, ஒரு உதவி. எங்க வீட்டுக்குப் போன் போட்டு, எல்லாரும் பிளான் எடுக்கறோம், நீங்களும் எடுத்தாதான் மரியாதைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ சமைக்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

ஸ்டோர் கீப்பரின் கண்கள் விரிந்தன. "தங்கச்சி சமைக்குதா? அங்க வந்தா?"

"ஆமா, அதான்..."

"யோவ், இருபது வருஷமா டிபன் பாக்ஸைத் திறந்தா முதுகைக் காட்டிட்டு உக்காருவ. ஒரு ஸ்பூன் குடுத்திருக்கியா? 'என் வீட்டுச் சாப்பாடு மாதிரி உலகத்துலயே கிடையாது'ன்னு மட்டும் சொல்லுவ. இன்னைக்குத்தான்யா நமக்கு நேரம் வந்திருக்கு. எனக்கு பிளானும் வேண்டாம், கிளானும் வேண்டாம். நான் தங்கச்சி பந்தியில உக்காந்துக்கறேன்!"

முதுகைக் காட்டிச் சாப்பிட்டது கஞ்சத்தனத்தால் அல்ல. ஒரு ஸ்பூன் வெளியே போனால் அவள் மானமும் கூடவே போய்விடும் என்பதால். அதை யாரிடம் சொல்வது?

தேநீர் இடைவேளைக்குள் விஷயம் லேத் பட்டறையைத் தாண்டிப் பெயிண்ட் பிரிவு வரை போய்விட்டது. பதினான்கு பேர் பிளானை ரத்து செய்தார்கள். ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்கினார்கள். "ரொம்ப நன்றி சார், உங்க வீட்டம்மாவுக்குப் பெரிய மனசு," என்று கணக்குப் பிரிவுக்காரர் கண் கலங்கினார். அவர் மனைவி ஊருக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

பதினொன்றரைக்குச் சுற்றுலா அலுவலகப் பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க பஸ்ஸுல இப்ப ஆறு பேர்தான் பிளான்ல இருக்காங்க. பத்துக்குக் கீழ போனா நாங்க சமையல்காரரையே அனுப்ப மாட்டோம். நாலு மணிக்குள்ள நாலு பேராவது திரும்பி வந்தா சரி. இல்லன்னா மொத்தமும் கேன்சல். உங்க மேடம்தான் இருபது பேருக்கும் சமைக்கறாங்களாமே? க்ரேட் சார்!"

ரிஜெக்ட் சார் குழாய்க் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஏழு நாள் அவர் சாப்பிடுவதா முக்கியம்? இருபத்தாறு வருடம் சாப்பிட்ட வயிறு இன்னும் ஏழு நாள் தாங்கும். ஆனால் அந்தக் கடல் பருப்பை இருபது பேரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தால்? ஒருத்தன் துப்புவான், ஒருத்தன் சிரிப்பான். அவள் கரண்டியோடு எதிரே நின்று எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மதியம் ஸ்டோர் கீப்பர் எதிரில் டிபன் பாக்ஸை வைத்தார். ஒரு ஸ்பூன் கொடுத்தால் போதும், நாலு பேர் என்ன, நாற்பது பேர் பிளானுக்கு ஓடுவார்கள். மூடியைப் பாதி திறந்தார். கரிந்த வாடை லேசாக வந்தது. திரும்பவும் அழுத்தி மூடினார்.

"என்னய்யா, இன்னைக்கும் இல்லையா?"

"அங்க வந்து சாப்பிட்டுக்கலாம்ணே," என்றவர், அடுத்த மூச்சில் வேறொன்றை விட்டார். "பாவம், அவளுக்குக் கை வலி வேற. வலது கை தூக்கவே முடியல."

இது வேலை செய்யும் என்று நம்பினார். பேக்கிங் சூப்பர்வைசரம்மா காதில் அது விழுந்தது. அந்த அம்மா நல்லவள். நல்லவர்களால் வரும் தொல்லைக்கு மருந்து கிடையாது. அவள் உடனே ரிஜெக்ட் சார் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"கை வலியோட எங்களுக்காகச் சமைக்கறேன்னீங்களாமே, உங்களை எப்படிக் கும்பிடறதுன்னே தெரியலங்க. நறுக்கறது, அரைக்கறது எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க பக்குவம் மட்டும் சொல்லுங்க. இருபது பேரும் இப்பவே பசியோட இருக்கோம்!"

மூன்றரைக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று வந்தது. கதவைத் திறந்தபோது மணி நாலு பத்து. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. 'உங்கள் பேருந்துக்கான உணவுத் திட்டம் ரத்து செய்யப்பட்டது. இனிய பயணம்!'

மனைவி சாப்பாட்டு மேஜையில் கைத்துண்டோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் மகள் கதவோரம் நின்று ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இருபது பேரா?" என்றாள் மனைவி. "எனக்குக் கை வலியா? என்னங்க நடக்குது?"

"எல்லாம் என்னாலதான்மா." நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லணும். நீ என்னை வீட்டை விட்டே துரத்தினாலும் சரி. நான் ஒண்ணுமில்லாம கெடந்தப்ப நீ எனக்குச் சோறு போட்டவ. அந்தச் சோத்தை நான் குறை சொன்னா என் நாக்கு அழுகணும். ஆனா நாலு பேர் உன்னைப் பாத்துச் சிரிக்கறதை என்னால பாக்க முடியாது."

"என்னன்னு சொல்லுங்க."

"உன் சமையல்..." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "வாயில வைக்க முடியலம்மா."

ஆப்பிள் கடிக்கும் சத்தம் நின்றது.

"நீ வா, ஏரியைப் பாரு, மலையைப் பாரு, காலை நீட்டிப் படு. அடுப்புப் பக்கமே வராத. தள்ளிக்கோ, இருபது பேருக்கும் நானே சமைக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, போன்ல பாத்துக் கத்துக்கறேன். திட்டறவன் என்னைத் திட்டட்டும்."

மனைவி மெல்ல எழுந்தாள். "என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."

"நானே சமைக்கிறேன்னேன்."

அவள் கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நாற்காலியில் விழுந்தாள். தோள்கள் குலுங்கின. மேஜையே குலுங்கியது.

"ஐயோ, அழாதம்மா!" ரிஜெக்ட் சார் பதறிப்போய்க் காலடியில் உட்கார்ந்தார். "தெரியாமச் சொல்லிட்டேன். பிரமாதம்மா, உன் சமையல் பிரமாதம்..."

"அப்பா, தயவுசெஞ்சு மறுபடி ஆரம்பிக்காதீங்க, அது அழுகை இல்ல," என்றாள் மகள். "எங்களுக்கு நல்லதாத் தனியா எடுத்து வச்சுட்டு, 'தள்ளிக்கோ, நானே சமைக்கிறேன்'னு நீங்க என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னுதான் இருபத்தாறு வருஷமா உங்க தட்டுல மட்டும் அம்மா உப்பை அள்ளிக் கொட்டிட்டிருக்காங்க."