டெஸ்டிங்கில் கிளம்பிய லோடு

“யாருக்கும் தெரியாமல் முடித்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிற வேலை, ஊருக்கே தெரிந்துதான் முடியும். (சந்தேகமிருந்தால் ஆமத்தூர்ப் பக்கம் போய் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சிரித்து முடித்த பிறகுதான் மேற்கொண்டு பேசுவார்கள்.)

நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சிவகாசிப் பட்டாசுக் குடும்பம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமனாரின் கம்பெனிக்கு விருதுநகர் ஆபீசில் சொந்தமாக ஒரு சர்வர் அறை உண்டு. வெளியூர் ஏஜெண்டுகள் ஆர்டர் போடுவது, விஸ்வநத்தம் குடோனில் லோடு சீட்டு அச்சாவது, லோடு கிளம்பியதும் வாங்குகிறவர் செல்போனுக்குத் தகவல் போவது எல்லாம் அந்த அறையிலிருந்துதான். கல்யாணமான கையோடு அது என் தலையில் விழுந்தது. தீபாவளி சீசனில் எனக்குக் கிடைத்த தூக்கத்தை ஒரு தீப்பெட்டிக்குள் மடித்து வைத்துவிடலாம்.

அப்படியொரு சீசனின் நடுவில் பழைய சர்வர் காய்ச்சல் கண்டதுபோல் கொதிக்க ஆரம்பித்தது. புதியது வந்து தயாராக இருந்தது. பழையதற்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று நிஜ ஆர்டர்களுக்கு. இன்னொன்று, நான் எதையாவது சோதித்துப் பார்ப்பதற்கு. இரண்டையும் நிறுத்தாமல், ஓடுகிற ஓட்டத்திலேயே புதிய சர்வருக்கு மாற்றிவிடலாம்.

“ஏம்மா, ஏஜெண்டுகளுக்கு எதுவும் சிரமம் வந்துராதே?” என்றார் மாமா. மாமனாரைத்தான் சொல்கிறேன்.

“மாத்துனதே தெரியாது மாமா” என்றேன். அந்தப் பெருமித முகத்தை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை விடத் தோன்றுகிறது.

மெஷின்கள் அழகாக இடம் மாறின. திரையில் எல்லாமே பச்சை. நான் காலை நீட்டினேன். நீட்டிய கால் தரையில் படுமுன் போன்கள் அலறின.

“பாதி ஆர்டர்ல ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சும்மா!”

“உள்ளயே விட மாட்டேங்குது. சீசன் நேரத்துல என்ன வெளையாட்டு?”

நடந்தது இதுதான். எந்த மெஷினோடு யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்ற விதிகள் பழைய சர்வரின் காவலில், அதாவது ஃபயர்வாலில், இருந்தன. மெஷின்கள் வந்துவிட்டன, விதிகள் வரவில்லை. அந்த நேரத்தில் யார் யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்ற நினைவும் வரவில்லை. புதிய காவலுக்கு ஏஜெண்டுகள் அத்தனை பேரும் முன்பின் தெரியாதவர்கள். கதவைச் சாத்திவிட்டது.

விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புதிய சர்வரில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் சோர்ந்துபோன மூளை குறுக்குச் சந்தைத்தான் தேடும். ஒரே ஒரு வரி எழுதினேன்: எல்லாரும் எல்லாரோடும் பேசலாம்.

அற்புதம். ஏஜெண்டுகள் உள்ளே வந்தார்கள், போன்கள் அடங்கின. நான் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன்.

எழுப்பியது குடோன் மேற்பார்வையாளர் முருகேசன் அண்ணனின் போன். “பெரிய மொதலாளி வீட்டு லோடு கெளம்பிருச்சும்மா. மொதலாளியோட அண்ணன் பேரைப் பாத்ததும் மத்ததையெல்லாம் நிறுத்திட்டு அதைத்தான் மொத ஏத்துனேன். ஆமத்தூருதானே?”

சோதனை மெஷினில் வாடிக்கையாளர் பெயர் வேண்டுமே என்று, மாமாவின் அண்ணனான பெரிய மாமாவின் பெயரையும் நம்பரையும் போட்டு, அளவு என்ற இடத்தில் கைபோன போக்கில் எண்களைத் தட்டியிருந்தேன். அந்த மெஷின் வெளியே யாரோடும் பேசக்கூடாது என்று பழைய காவலில் விதி இருந்தது. நான் கதவைத் திறந்ததும், அத்தனை நாள் வாயடைத்துக் கிடந்தது பேசிவிட்டது. குடோனுக்குச் சீட்டு, பெரிய மாமாவுக்குத் தகவல்: “உங்கள் லோடு கிளம்பிவிட்டது.”

இதில் இன்னொரு சிக்கல். அண்ணனும் தம்பியும் என் கல்யாணத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. பத்திரிகையில் அண்ணன் பெயர் சின்ன எழுத்தில் வந்துவிட்டது. (அச்சுக்குப் பேர்போன சிவகாசியில் அதைத் தற்செயல் என்றால் யார் நம்புவார்கள்?)

பெரிய மாமா போனை எடுக்கவில்லை, வண்டி டிரைவரும் எடுக்கவில்லை. ஒரு வண்டிப் பட்டாசு குடியிருக்கிற வீட்டுக்குப் போகிறது. கதவைத் திறந்துவிட்ட அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, மாமாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஆமத்தூரா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் போனபோது பெட்டிகள் வைக்கோல்போருக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. பெரிய மாமா வெள்ளை வேட்டியில், மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொள்கிறவர்போல் நின்றார்.

“வாடா. மன்னிப்பு கேக்க இம்புட்டு நாளாச்சா உனக்கு? அதுக்காக ஒரு லோடா அனுப்பணும்? ரெண்டு பெட்டி போதாதா?” கண் கலங்கியிருந்தது. “சாப்பிட்டீகளா தாயி?” என்றார் என்னிடம்.

மாமா என்னைப் பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் அங்கே வைக்கோல்போர் இருக்கிறதே.

“பெரிய மாமா... அது வந்து... டெஸ்டிங். தப்பா வந்துருச்சு. லோடைத் திருப்பணும்.”

பெட்டி இறக்கியவர்கள் கை அப்படியே நின்றது. பெரிய மாமா தம்பியைப் பார்த்தார். “அப்ப மன்னிப்பும் டெஸ்டிங்தானா?”

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறினார். “லோடுதான்ணே தப்பா வந்துச்சு. நான் சரியாத்தான் வந்திருக்கேன். பசிக்குது, எலையைப் போடச் சொல்லு.”

கடைசிப் பெட்டிவரை திரும்ப ஏறி, வண்டி தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பிறகு ஆபீசுக்குத் திரும்பி, மறுபடியும் அலறிக்கொண்டிருந்த போன்களுக்கு நடுவே விதிகளை ஒவ்வொன்றாக எழுதினேன். அன்றைக்கு ஏஜெண்டுகளிடம் கற்றுக்கொண்ட வசவுகள் வேறெந்த வகுப்பிலும் கிடைக்காதவை.

அதற்குப் பிறகு பெரிய மாமா என் பேச்சு எதையும் நேரடியாக நம்புவதில்லை. பொங்கலுக்கு வருகிறோம் என்றாலும், மாமாவுக்கு ரத்த அழுத்தம் என்றாலும் ஒரே கேள்விதான்: “டெஸ்டிங்கா, நெசமா?” வீட்டில் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, பேசக்கூடத் தெம்பில்லாமல், நானே அவருக்குப் போன் செய்தேன்.

“பொண்ணு பொறந்திருக்கு பெரிய மாமா.”

“டெஸ்டிங்கா, நெசமா தாயி?”

போனைக் குழந்தையிடம் காட்டினேன். அவள் வீறிட்டாள்.

“சரி சரி,” என்றார் பெரிய மாமா, “லோடு வந்து சேந்துருச்சு.”